விழுந்த பந்து யார் கணக்கில்

"பந்து எங்கே விழுந்தது என்று நீ சரியாகச் சொல்லிவிடுவாய். யாருடைய பிழையால் விழுந்தது என்று உன்னால் சொல்ல முடியுமா?"

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், பந்து பிடிப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் என்னிடம் இப்படிக் கேட்டார். ஆங்கிலத்தில்தான் கேட்டார். அவர் குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. உண்மையாகவே அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. நான் முடியும் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கோப்பி எடுக்கப் போய்விட்டார். நான் ஒரு பந்தைக்கூட எறிந்து பார்க்காதவள் என்பது அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக என்னிடம் புள்ளியியல் பட்டம் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

எங்கள் தமிழ் ஆட்களிடம் கால்பந்துக் குழுவில் வேலை என்றால் காலால் உதைக்கிற பந்தைத்தான் நினைப்பார்கள். நான் வேலை செய்வது மற்றதில். முட்டை போன்ற பந்தைக் கையால் எறிந்து, பிடித்து, ஓடி, ஒருவரையொருவர் விழுத்துகிற வட அமெரிக்க விளையாட்டு அது. அதில் அநேகமாக எல்லாமே ஒரு மனிதரின் கையில்தான் தொடங்கும். அவரைக் குவாட்டர்பேக் என்பார்கள். பந்து கைக்கு வந்த இரண்டு மூன்று விநாடிக்குள், தன்னை விழுத்த ஓடிவருகிறவர்களுக்கு நடுவே நின்று, யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து அவர் எறிய வேண்டும். குழுவில் அதிகச் சம்பளம் அவருக்குத்தான்.

என்னுடைய வேலை ஆட்டம் முடிந்த பிறகு ஆரம்பிக்கும். டவுன்டவுனில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. திரையில் காணொளியை நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி ஓடவிட்டு, எறிதல் ஒவ்வொன்றையும் குறிப்பேன். எவ்வளவு தூரம், எத்தனை விநாடி, எதிரணி எவ்வளவு கிட்ட வந்தது. பந்து பிடிபடாமல் விழுந்தால் அது எறிந்தவர் பிழையா, பிடிக்க வேண்டியவர் பிழையா. அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்புவதற்கு ஒரு விதித்தாள் இருந்தது. பிடிப்பவர் பிடித்திருக்க வேண்டிய பந்து என்றால் அது அவர் பிழை, இல்லாவிட்டால் எறிந்தவர் பிழை என்று அதில் எழுதியிருந்தது. அதற்கு மேல் விளக்கம் இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா எட்டு வயதில் ஒரு தேநீர்க்கடையில் கிளாஸ் கழுவப் போனவர். அம்மா இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே படிக்கிற வயதைக் கழித்தவர். அண்ணா இங்கே வந்தபோது அவருக்குப் பதினேழு வயது. பிரெஞ்சு வகுப்பில் ஒரு பனிக்காலம் இருந்துவிட்டு அப்பாவோடு உணவகச் சமையலறைக்குப் போய்விட்டார். என் பட்டம் புறநகரில், ரொக்ஸ்பரோவில் இருக்கும் அப்பா அம்மா வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். அதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

வேலை கிடைத்த பிறகு நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு சின்ன அறை எடுத்தேன். கலியாணம் கட்டாத பிள்ளை தனிய வீடு எடுக்கிறதா என்று அம்மா மூன்று வாரம் கதைக்காமல் இருந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு கட்டிக் கொடுக்கத் தொடங்கினார். அந்தப் பெட்டிகளில்தான் என் வாரம் ஓடும். மதியம் அலுவலகத்தில் எல்லோரும் கூட்டமாகக் கீழே இறங்கிப் போவார்கள். முதல் மாதத்தில் என்னையும் கேட்டார்கள். கறி மணக்கும் பெட்டியை மூடி வைத்துவிட்டு அவர்களோடு போகவும் எனக்குத் தெரியவில்லை, அதை அவர்களுக்கு நடுவே திறக்கவும் தெரியவில்லை. வேலை இருக்கிறது என்று சொன்னேன். இரண்டாவது மாதம் அவர்கள் கேட்கவில்லை.

ரொக்ஸ்பரோவில் நிலைமை வேறு மாதிரி. என்னோடு ஒன்றாகத் தமிழ் வகுப்புக்குப் போன பெண்கள் இப்போது பிள்ளைகளைக் கார்டரியில், அதுதான் பிள்ளைக் காப்பகத்தில், விட்டுக் கூட்டி வருகிறார்கள். என்னைக் கண்டால் அன்பாகத்தான் கதைப்பார்கள். என்ன வேலை என்று கேட்டு, நான் விளக்கத் தொடங்கி, பாதியில் அவர்கள் கண் குழந்தையைத் தேடும். நான் கெதியாக முடித்துவிடுவேன். இரண்டு இடத்திலும் யாரும் என்னை விரட்டவில்லை. நானும் இரண்டு இடத்திலும் முழுதாக உட்காரவில்லை.

என் இரண்டாவது பருவம் முடிந்த மார்கழியில், ஆட்களை எடுப்பதும் விடுவதுமான வேலையைப் பார்க்கும் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் குவாட்டர்பேக்கின் ஒப்பந்தம் முடியப் போகிறது. அவர் கேட்கும் தொகை மிகப் பெரியது. கொடுக்கலாமா, வேண்டாமா என்று என் குறிப்புகளை வைத்து ஓர் அறிக்கை எழுதித் தரச் சொன்னார்.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு குழுவுக்கும் சம்பள வரம்பு உண்டு. எல்லா ஆட்டக்காரருக்கும் சேர்த்து அதற்குள்தான் கொடுக்கலாம். ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் மற்றவர்களுக்குக் கிள்ளித்தான் கொடுக்க வேண்டும். உண்மையான பெரிய ஆட்டக்காரர் என்றால் கேள்வியே இல்லை, கேட்டதைக் கொடுக்கலாம். மோசமானவர் என்றாலும் கேள்வி இல்லை. கஷ்டம் நடுவில் இருப்பவரோடுதான். எங்களுடையவர் அப்படியானவர். சராசரிக்கு மேலே. நல்ல நாளில் அழகாக எறிவார். அவரால் தோற்ற ஆட்டங்கள் குறைவு. அவர் ஒருவராலேயே வென்ற ஆட்டங்களும் குறைவு. அப்படியானவருக்கு ஒரு குழு பெரும் பணம் கொடுக்கும்போது அவர் திறமைக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை. இவரும் போய்விட்டால் யார் வருவாரோ என்ற தன் பயத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறது. நான் எழுத நினைத்தது இதைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரொக்ஸ்பரோ வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு இந்த விளையாட்டின் விதி ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் இருபது வருடமாக எங்கள் ஊர்க்காரரின் கரப்பந்துக் குழுவில் ஆடுகிறவர். வலைக்கு இரு பக்கமும், இடம் மாறாமல் ஒவ்வொருவரும் தன் இடத்திலேயே நின்று ஆடும், ஓவர்கேம் என்று சொல்லும் ஆட்டம்.

"அப்ப போன கோடைக்கு ரொறன்ரோவிலையிருந்து ஒருத்தனைக் கூப்பிட்டமெல்லோ, அந்தக் கதைதான்" என்றார்.

"என்னப்பா நடந்தது?"

"அவனுக்குப் பிளேன் ரிக்கெற், ஹோட்டல் ரூம், போகேக்கை கையிலை ஒரு என்வலப். மிச்சப் பேருக்கு ரீசேட் அடிக்கக் காசில்லை. பழசைத் தோய்ச்சுப் போட்டுக்கொண்டு நிண்டம். அவன் நல்லாத்தான் அடிச்சான், பொய் சொல்லக்கூடாது. பின்னுக்கு நிண்டு பந்தெடுக்கத்தான் ஆளில்லை."

"தோத்திட்டியளோ?"

"அரையிறுதியிலை. அவனுக்கு அவ்வளவு குடுத்திருக்கத் தேவையில்லை. பக்கத்து ஊர்க்காரர் கூப்பிட்டிடுவினம் எண்ட பயத்திலை குடுத்தது."

நான் சிரித்தேன். பத்துப் பக்கத்தில் படங்களோடும் அட்டவணைகளோடும் நான் எழுதப் போவதை அவர் வெங்காயம் உரித்து முடிக்கும் முன் சொல்லிவிட்டார். அறிக்கையில் ரொறன்ரோக்காரர் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

எழுதத் தொடங்கும் முன் இயக்குநர் ஒன்று கேட்டார். இவ்வளவு பெரிய முடிவு என்பதால், இன்னொருவரும் அதே எறிதல்களைத் தனியாகப் பார்த்துக் குறிக்கட்டுமா, பிறகு இரண்டையும் ஒப்பிடலாம் என்றார். மற்றக் குழுக்களில் அதுதான் வழக்கம். எனக்கு முகம் சுட்டது. பட்டம் பெற்ற ஒரு வெள்ளைக்காரப் பையனிடம் இதைக் கேட்டிருப்பாரா என்று நினைத்தேன். தேவையில்லை, இரண்டு வருடமாக நான்தான் செய்கிறேன், பிழை இருக்காது என்றேன். அவர் சரி என்றார். அவர் கேட்டது எல்லோரிடமும் கேட்கக்கூடிய ஒரு சாதாரணக் கேள்வி என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது என் தகுதியைக் கேட்பது போல இருந்தது.

அறிக்கையைக் கிறிஸ்மஸுக்கு முன் கொடுத்தேன். கொடுக்க வேண்டாம் என்பதே முடிவு. எறிதலின் துல்லியத்தில் அவர் மற்றக் குழுக்கள் குறித்து வைத்த சராசரியை மயிரிழையில்தான் தாண்டுகிறார் என்பதை ஒரு கோட்டுப் படத்தில் காட்டியிருந்தேன். இயக்குநர் இரண்டு நாளில் வாசித்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார். இவ்வளவு தெளிவாக ஒன்றைத் தான் நெடுநாளாக வாசிக்கவில்லை என்றார். தை மாதக் கடைசியில் குழுவின் சொந்தக்காரர்களிடம் இதையே கொண்டுபோவதாகவும், இளவேனிலில் முடியும் என் தற்காலிக வேலையை நிரந்தரமாக்கப் பேசுவதாகவும் சொன்னார்.

அவர் போன பிறகு இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்து அறைகளில் ஆட்கள் இருந்தார்கள். நான் அம்மாவுக்குத்தான் போன் எடுத்தேன்.

"அம்மா, நான் எழுதினதைப் பெரியவர் மெச்சினவர். வேலையை நிரந்தரமாக்கப் போயினம் போல."

"அப்பிடியோ. நல்லது பிள்ளை." இதற்குப் பிறகு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு விளங்கியது. "சாப்பிட்டனீயே?"

"ஓம்" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. அம்மாவின் மேல் எனக்குக் குறை இல்லை. என் சந்தோஷத்தை எடுத்து வைக்க அவர் வீட்டில் ஒரு தட்டு இல்லை, அவ்வளவுதான்.

தை நடுப்பகுதியில் ஒரு ஞாயிறு மதியம் அப்பா என்னையும் ஜிம்முக்குக் கூட்டிப் போனார். பனிக்காலத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒரு பாடசாலை ஜிம்மை வாடகைக்கு எடுத்து ஆடுவார்கள். வழக்கமாகக் குறிப்பேட்டில் பிழைகளை எழுதுகிறவருக்குக் காய்ச்சல், அவருக்குப் பதிலாக நான். ஒன்பது வயதிலிருந்து பல்கலைக்கழகம் போகும்வரை அந்தக் கொப்பி என் கையில்தான் இருந்தது. அப்பாவுக்கு எழுத்து வாசிப்பது கஷ்டம் என்பதால் பெயர்களுக்குப் பதில் ஆளுக்கொரு படம் வைத்து நான் தொடங்கிய கொப்பி. அப்பாவுக்கு ஓர் அகப்பை. அடிக்கிற மாமாவுக்கு ஒரு சுத்தியல். இன்றைக்கும் அதே படங்களைத்தான் போடுகிறார்கள். பிழை விட்ட ஆளின் படத்துக்குக் கீழே ஒரு கோடு. ஆட்டம் முடிய ஆருக்குக் கோடு கூடவோ அவர் எல்லோருக்கும் கோப்பி வாங்க வேண்டும்.

அப்பா குழுவில் பந்தை எழுப்பிக் கொடுப்பவர். அவர் வலைக்கு மேலே பந்தை ஏற்றிக் கொடுக்க, சுத்தியல் மாமா பாய்ந்து அடிப்பார். ஆட்டம் நடந்தது. நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வாங்குப் பலகையில், சென்னையிலிருந்து மேல்படிப்புக்கு வந்து அந்த மாதம்தான் குழுவில் சேர்ந்த ஒருவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். அவர் என் கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, அவர்தானே வெளிய அடிச்சாரு? நீங்க ஏன் அங்கிளுக்குக் கீழ கோடு போடறீங்க?"

"இஞ்ச அப்பிடித்தான்" என்றேன் நிமிராமல்.

அது அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தம்பி, நான் வடிவா எழுப்பியிருந்தால் அவன் ஏன் வெளியிலை அடிக்கிறான்?"

"ஓம் அண்ணை" என்றார் சுத்தியல் மாமா. "எல்லாம் உங்கடை பிழைதான். எனக்குச் சளி பிடிச்சதும் உங்களாலைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். சென்னைக்காரரும் சிரித்தார், ஆனால் விடவில்லை. "அப்போ இவரு தப்பே பண்ண மாட்டாரா, அங்கிள்?"

"அவன் பிழை விட்டால் அது அவனுக்கே தெரியும். அதை ஏன் எழுதுவான்?"

மற்றக் குழுக்களில் எப்படியோ, எங்கள் ஆட்களிடம் அதுதான் முறை. ஒருவர் கையில் பட்ட பந்து விழுந்தாலும் வெளியே போனாலும் அது அவருக்கு முன் தொட்டவரின் கணக்கில் போகும். அப்பா அதைத் தன் மரியாதையாகவே வைத்திருந்தார். பத்து வருடம் அவருடைய அகப்பைக்குக் கீழே நான் கோடு போட்டிருக்கிறேன். பத்து வருடம் அவர் கோப்பி வாங்கியிருக்கிறார்.

என் கையில் பென்சில் நின்றுவிட்டது. இரண்டு கைகளின் நுனியில் பட்டுக் கீழே விழுகிற பழுப்புப் பந்து ஒன்று ஞாபகம் வந்தது. மழையில் நடந்த ஓர் ஆட்டம். அந்தப் பந்தை நான் யார் பிழை என்று குறித்தேன்? எறிந்தவர் பிழை என்று. இன்னொரு பந்து, ஓடிக்கொண்டிருந்தவரின் தோளுக்கு மேலாக வந்து உள்ளங்கையில் விழுந்து நழுவியது. அதுவும் எறிந்தவர் பிழை. வடிவாக எறிந்திருந்தால் அவர் ஏன் விடப் போகிறார்?

அன்றைக்குக் கோப்பி குடிக்காமலே பஸ் எடுத்தேன். அம்மா கட்டித் தந்த பெட்டி மடியில் சூடாக இருந்தது.

அடுத்த நாள் சுகமில்லை என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, காலை வெளிச்சத்தில் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, அலுவலக மடிக்கணினியில் பருவத்தின் முதல் ஆட்டத்திலிருந்து தொடங்கினேன். இந்தமுறை விதித்தாளைப் பக்கத்தில் வைத்து, பந்தும் பிடிப்பவரும் மட்டும் தெரிகிற மாதிரித் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு கையும் பந்தில் பட்டதா? அவர் நிலையாக நின்றாரா? பட்டு, நின்று, பிறகும் விழுந்திருந்தால் அது பிடிப்பவர் பிழை. இந்த வேலையில் இருக்கிற யாரிடம் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நான் யாரிடமும் கேட்டதில்லை.

இரண்டு நாள் பார்த்தேன். பருவம் முழுக்க அதே பிழை. சந்தேகமான பந்து எல்லாவற்றையும் எறிந்தவர் தலையில் போட்டிருந்தேன். ஒன்றிரண்டு அங்கும் இங்கும் தவறியிருந்தால் கூட்டிக் கழித்துச் சரியாகிவிடும். இது ஒரே பக்கமாகச் சரிந்த தராசு. எண்களைத் திருத்திப் போட்டபோது எங்கள் குவாட்டர்பேக் சராசரிக்கு மயிரிழை மேலே இல்லை. நன்றாகவே மேலே இருந்தார். மிகப் பெரியவர்களின் வரிசையில் இல்லை. ஆனால் நான் காட்டிய இடத்திலும் இல்லை.

செவ்வாய் பின்னேரம் ஜன்னலுக்கு வெளியே பனியைத் தள்ளும் வண்டி போய்க்கொண்டிருந்தது. மேசையில் இரண்டு அறிக்கைகள். பழையதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. யாரும் திரும்பிப் பார்க்கப் போவதும் இல்லை, ஏனென்றால் பார்க்க வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன். சும்மா இருந்தால் நிரந்தர வேலை. சொன்னால் என்ன ஆகும் என்பது தெரியாது. மறுபக்கத்தில் ஒரு மனிதருக்கு, ரொக்ஸ்பரோவில் கரப்பந்தாடுகிற சிலரின் வழக்கப்படி நான் விலை போட்டிருக்கிறேன். இதை யாரிடமாவது சொல்லி யோசிக்க வேண்டும் போல இருந்தது. அப்பாவிடம் சொன்னால் தன்னால்தான் என்று எடுத்துக்கொள்வார். அலுவலகத்தில் அப்படிக் கதைக்கிற ஆள் எனக்கு இல்லை. போனை எடுத்து, பெயர்களை மேலிருந்து கீழே பார்த்து, திரும்ப வைத்தேன்.

எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. எண் மாறினாலும் என் முடிவு மாறவில்லை. இந்தத் திருத்திய இடத்திலும் அவர் நடுவில் உள்ளவர்தான். கேட்கிற தொகையைக் கொடுத்தால் அவரைக் காக்கிற முன்வரிசைக்கு நல்ல ஆட்களை வைத்திருக்க முடியாது. என் கணக்கு பிழை. என் பதில் பெரும்பாலும் சரி. பிழையைச் சொன்ன பிறகு பதிலை யார் கேட்பார்கள்?

புதன்கிழமை காலை இயக்குநரின் அறைக்குப் போனேன். பந்து பிடிப்பவர்களின் பயிற்சியாளரும் அங்கே இருந்தார். அவரை வெளியே போகச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு இரண்டு தாள்களையும் மேசையில் வைத்து, நின்றபடியே சொன்னேன். முதல் அறிக்கையில் பிடிபடாத பந்துகளை நான் பிழையாகப் பிரித்திருக்கிறேன், எல்லாம் ஒரே பக்கமாக, இது திருத்தியது.

இயக்குநர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை யார் கண்டுபிடித்தது?"

"நான்தான்."

"வேறு யாருக்காவது தெரியுமா?"

"இல்லை."

"எப்படி நடந்தது?"

கொப்பி, அகப்பை, கோப்பி எல்லாம் வாய்வரை வந்தது. அந்த அறையில், ஆங்கிலத்தில், அதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. "பழக்கம்" என்று மட்டும் சொன்னேன். "இன்னொருவர் பார்க்கட்டுமா என்று நீங்கள் கேட்டபோது வேண்டாம் என்றது என் பிழை."

பயிற்சியாளர் திருத்திய தாளை எடுத்துக் கையளவு தூரத்தில் பிடித்து வாசித்தார். "இரண்டு வருடமாக என் பையன்களைக் காப்பாற்றியிருக்கிறாய்" என்றார். "ஒரு நன்றிகூடச் சொல்லாமல் இருந்துவிட்டார்கள்." சிரித்தது அவர் மட்டும்தான். ஆனாலும் அது நல்ல சிரிப்பு.

"அப்படியென்றால் அவருக்குக் கொடுக்கலாம் என்கிறாயா?" என்று இயக்குநர் கேட்டார்.

"இல்லை. இப்போதும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்."

"எண் மாறிய பிறகுமா?"

"நான் எழுதியதைவிட அவர் திறமையானவர். அதை அவருக்காகச் சொல்லத்தான் வந்தேன். ஆனாலும் அவ்வளவு கொடுத்தால் அவருக்கு முன்னால் நிற்க ஆள் இருக்காது."

இயக்குநர் தாள்களை ஒரு பக்கம் தள்ளிவைத்தார். "நீ சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் இனி இந்தத் தாளை என்னால் மேலே கொண்டுபோக முடியாது."

அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மாசி மாதம் குவாட்டர்பேக்குக்குக் கேட்டதைக் கொடுத்தார்கள். கையெழுத்திட்ட அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அவர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தபடி வந்தார். எனக்கும் கொடுத்தார். பெரிய, காய்ந்த கை. நான் யார் என்று அவருக்குத் தெரியாது. பிள்ளை என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அவருக்காக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குழுவுக்காகக் கவலையாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சொல்லக்கூடிய ஆள் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. கேக்கைக் காகிதத் தட்டில் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தேன்.

நிரந்தர வேலையைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. என் ஒப்பந்தத்தை அடுத்த பருவ முடிவு வரை மட்டும் நீட்டினார்கள். இரண்டாவது ஆள் ஒருவரைப் போடச் சொல்லி நானே கேட்டேன், போட்டார்கள். அவர் வேறு மாடியில் இருந்து குறிக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தாள்களை ஒப்பிடுகிறோம். அவர் அதிகம் கதைக்க மாட்டார். ஆனால் நாங்கள் ஒத்துப்போகாத பந்துகளை ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் அந்த அரை மணித்தியாலம், வாரத்தில் நான் தனியாக இல்லாத நேரங்களில் ஒன்று.

நிரந்தரமாகவில்லை என்று அம்மாவிடம் சொன்னபோது, ஆரோ கண்ணூறு போட்டுவிட்டார்கள் என்றார். நான் மறுக்கவில்லை. அப்பாவிடம் காரணத்தைச் சொல்லவில்லை. அவர் இன்னும் கோப்பி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

இத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பங்குனியில் ஒரு மதியம், பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தும்போது, என் முதல் பருவத்துக் குறிப்பு ஒன்று கண்ணில் பட்டது. அப்போது குழுவில் இரண்டாவது குவாட்டர்பேக் ஒருவர் இருந்தார். இருபத்துமூன்று இருபத்துநாலு வயதுதான் இருக்கும். முதலாமவருக்குக் காயம் பட்ட சில வாரங்கள் ஆடினார். அவரை வைத்திருப்பதா என்று யாரோ கேட்டபோது நான் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எறிதலில் நம்பிக்கை வைக்க முடியாது என்று. அவரை விட்டுவிட்டார்கள். அதன் பிறகு அவர் எங்கும் ஆடவில்லை என்று கேள்வி. அந்த வரிக்குப் பின்னால் இருந்த எண்களும் அதே கையால் குறித்தவைதான்.

அவரைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. பெரிய ஒப்பந்தம் கேட்டவருக்குத் தரகர் இருந்தார், பத்திரிகை இருந்தது, கேக் இருந்தது. இவருக்கு என்னுடைய ஒரு வரிதான் இருந்தது. அந்த வரி பிழையா இல்லையா என்பது எனக்கு இன்னும் தெரியாது. திருத்திப் பார்த்த பிறகும் அவர் மோசமாகவே இருக்கலாம்.

பழைய காணொளிகள் வேறு ஒரு சேமிப்பில் இருந்தன. அவற்றைத் திறக்க அனுமதி கேட்டு எழுதினேன். ஏன் என்று கேட்டார்கள், சொன்னேன். என்னோடு தாள்களை ஒப்பிடும் இரண்டாவது ஆளும் தன் மாடியிலிருந்து தனியாகப் பார்க்கச் சம்மதித்தார். அந்த இளம் குவாட்டர்பேக் ஆடிய முதல் இரண்டு ஆட்டங்களைக் குறித்து முடித்துவிட்டோம். அந்தத் தாள்களோடு, பழைய வரியை எழுதியது நான், அதை இப்போதைக்கு நம்ப வேண்டாம் என்று என் பெயரைக் கீழே போட்டு ஒரு கடிதமும் வைத்து, இன்று காலை இயக்குநருக்கு அனுப்பியிருக்கிறேன்.